பஞ்சுவுக்கு ஊசி போட்டாயிற்று

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நீயும் என் மகனும் புது ஊரில், புது வேலையில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாய் சௌக்கியம், பூனை சௌக்கியம். நானும் சௌக்கியம்தான், ஆனால் அது கொஞ்சம் பெரிய கதை. போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், அவன் பாதியிலேயே பயந்துவிடுவான். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்து முடித்த பிறகு அவனிடம் மெதுவாகச் சொல்.

நீ ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் நாலு கலரில் ஓர் அட்டவணை ஒட்டிவிட்டுப் போனாயே, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை, மாதம் ஒரு தடவை உண்ணிக்குச் சொட்டு மருந்து, வருஷத்துக்கு ஒரு தடவை தடுப்பூசி, வாரம் இரண்டு தடவை பல் தேய்த்தல் என்று, அதைப் பார்த்து நான் செய்த முதல் காரியம் ‘உன்னி’ என்று நீ எழுதியிருந்ததை ‘உண்ணி’ என்று திருத்தியது. முப்பத்து நாலு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய கை, சும்மா இருக்காது. இரண்டாவது காரியம், உன் புருஷனிடம் போனில், “நல்லா இருக்கற நாய்க்கு எதுக்குடா வைத்தியம்?” என்று கேட்டது. “நல்லா இருக்கணும்னுதான்பா” என்றான். நான் பதினோரு வருஷமாக டாக்டர் வாசலை மிதிக்காதவன், என்னைப் பார்த்துக்கூடவா இவர்களுக்குப் புத்தி வரவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கியத்தை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பூச்சி மாத்திரைத் தேதி வந்தது. வீட்டில் எந்த வேலை நடந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பதால் நாம் மேஸ்திரி என்று கூப்பிடுகிறோமே, அந்த நாய் என் வேலையையும் மேற்பார்வை பார்த்தது. மாத்திரையை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். ரொட்டி போயிற்று, மாத்திரை மட்டும் ஈரம் பட்டு என் செருப்பின் மேல் இருந்தது. முட்டைக்குள் வைத்தேன். முட்டை போயிற்று, மாத்திரை பழையபடி அதே செருப்பின் மேல். அதற்குள் அந்த மாத்திரை கரைந்து பாதியாகிவிட்டது. சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுநாள் புது மாத்திரை ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்தேன். பக்கத்தில் உன் புருஷன் அனுப்பி வைக்கிற என் சத்து மாத்திரை. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம். அந்த நேரம் பார்த்து பழைய அச்சக நண்பர் போன் செய்தார். பேசிக்கொண்டே தண்ணீர் குடித்தேன், மாத்திரையும் போட்டுக்கொண்டேன். போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தால் என் சத்து மாத்திரை அங்கேயே இருக்கிறது. மேஸ்திரி என்னை ஏறிட்டுப் பார்த்தது. அப்படி ஒரு நிம்மதியை அதன் முகத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை.

கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டேன். உங்கள் பழைய டாக்டர் நீண்ட விடுப்பில் இருக்கிறாராம், புதிதாக வந்த டாக்டரம்மா எடுத்தார்.

“மாத்திரை யார் சாப்பிட்டது?”

“நான்தாம்மா.”

“உங்க எடை எவ்வளவு சார்?”

“எழுபத்திரண்டு.”

“அது இருபது கிலோ நாய்க்கு உள்ளது. பதறாதீங்க. ஆனா நான் நாலு கால் டாக்டர், இதுல நான் எதுவும் சொல்லக்கூடாது. மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டு உங்க டாக்டர்கிட்ட உடனே போங்க.”

என் டாக்டர் என்று ஒருவர் இருந்தால்தானே? இரண்டு தெரு தள்ளி பச்சைப் பலகை மாட்டிய ஒரு கிளினிக் உண்டு, அங்கே போனேன். சின்ன வயது டாக்டர். அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார், யாரிடமோ போனில் விசாரித்தார், “ஒண்ணும் ஆகாது, ஒரு மணி நேரம் உக்காருங்க” என்றார். சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். காற்றை இறக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். அச்சேறிய தலைப்பில் பிழையைக் கண்டுபிடித்தால் என் முகம் எப்படி மாறுமோ அப்படி மாறியது அவர் முகம். நூற்றுத் தொண்ணூறாம்.

“தலை சுத்துதா?”

“எந்திரிக்கறப்ப லேசா. வயசுதானேன்னு விட்டுட்டேன்.”

“கடைசியா எப்ப டாக்டர்கிட்ட போனீங்க?”

“பதினோரு வருஷம் இருக்கும்.”

“உங்க நாய் எப்ப போச்சு?”

“போன வருஷம். தேதிகூட எழுதி வெச்சிருக்கோம்.”

மருந்துச் சீட்டு எழுதும்போது அவர், “இன்னும் ஆறு மாசம் இப்படியே விட்டிருந்தீங்கன்னா” என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். முடியாத வாக்கியம் என்றால் எனக்கு ஆகாது. அதை மட்டும் முடித்துக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அம்மா. வெளியே வந்து பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது மேஸ்திரி கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்தது. அதன் தலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இப்போது தினமும் மாத்திரை போடுகிறேன், உப்பைக் குறைத்தாயிற்று, காலையும் மாலையும் நானும் மேஸ்திரியும் நாலு தெரு நடக்கிறோம். அதற்கும் பூச்சி மாத்திரை உள்ளே போய்விட்டது, பொடித்து மீன் குழம்பில் கலக்கச் சொன்னார் டாக்டரம்மா. தலை சுற்றல் நின்றுவிட்டது. அந்தச் சூட்டோடு சூடாக மூன்று நாளைக்கு முன்னால் மேஸ்திரியையும் பஞ்சுவையும் தடுப்பூசிக்கும் கூட்டிப் போனேன். பஞ்சு பூனை கடிக்கும், துண்டைப் போர்த்திப் பின்பக்கமாகப் பிடிக்க வேண்டும் என்று நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். கூடையைத் திறந்து வைத்தேன், பின்கட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்த பஞ்சு தானாக வந்து ஏறிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மேஸ்திரி பெஞ்சுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது, பஞ்சுவோ ஊசி போட்டபோதுகூடக் கண்ணைத் திறக்கவில்லை. வாயைத் திறந்து பார்த்த டாக்டரம்மா, கடைவாய்ப் பல் ஈறு சிவந்திருப்பதைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்து, “நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. இன்னும் கொஞ்சம் விட்டா பல்லையே எடுக்க வேண்டியிருக்கும்” என்றார். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள, நான் காலர் வைத்த சட்டை போடாத குறை ஒன்றுதான். என்னிடம் விட்டால் பஞ்சு என்ன ஆகுமோ என்று கிளம்புகிற அன்றைக்கு நீ சமையலறையில் கிசுகிசுத்தது எனக்குக் கேட்டது. கோபமில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

உன் அட்டவணையில் அடியில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘மாமா, மாதம் ஒரு தடவை ரத்த அழுத்தம்.’ இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நூறு வருஷம் நன்றாக இருங்கள். நடுநடுவே டாக்டரையும் பாருங்கள்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன சமயம் உன் அறை அலமாரி உச்சியிலிருந்து பஞ்சு குதித்தது. கூடத்து நாற்காலியிலும் அதே வெள்ளை நிறத்தில் ஒரு பஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது. குதித்ததைத் தூக்கப் போனேன், விரலைக் கடித்துவிட்டது. ஆகவே அதுதான் நம் பஞ்சு. நான் ஊசி போட்டு, பல்லுக்கு மருந்து கொடுத்து, மூன்று நாளாகச் சோறு வைத்தது மாடி வீட்டுத் தையல்கார அம்மாவின் பூனை. வாசல் கதவில் ‘காணவில்லை’ என்று அவர் ஒட்டியிருந்த தாளில் இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திவிட்டு வந்தவன் நான். படத்தைப் பார்க்கவில்லை. பூனையையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். “பல்லா? அதான் ரெண்டு வாரமா சரியா திங்கல. என்ன ஏதுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டு இருந்தேன் சார்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு அசல் பஞ்சுவுக்கு ஊசி. துண்டு பிடிக்க அவரும் வருகிறார். விரலைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டேன். கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு நேரே பச்சைப் பலகை கிளினிக்குக்குத்தான் போகிறேன். யாரும் சொல்லவில்லை, நானாகவே.