வள்ளத்தைவிட நல்ல பலகை

தூத்துக்குடியில் என்னைவிட மரம் பார்க்கத் தெரிந்தவன் ஒருத்தன் இருந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று போன மாதம் வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மீசை இல்லை.

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த கையோடு, என் மனைவி ஈவாஞ்சலின் என்னைப் புன்னைக்காயலிலிருந்து இங்கே மகள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். என் வள்ளத்தை அங்கே கரையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். முப்பது வருஷம் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்த வள்ளம்.

"கட்டில் ஒண்ணு செய்யணும். வள்ளத்தைப் பிரிச்சா நல்ல அயினிப் பலகை கிடைக்கும்லா" என்றாள்.

"ஏளா, அது உப்புல ஊறின கட்டை. அதைவிட நல்ல பலகை நான் கொண்டாறேன்."

"கொண்டாந்தா?"

"வள்ளத்தை நீ தொடக்கூடாது."

"சரி. கிடைக்குத வரைக்கும் நீங்களும் கரைப்பக்கம் போகக்கூடாது. மாதா மேல ஆணை."

என்னே என் ராஜதந்திரம்! மறுநாளே கிளம்பினேன். பத்து நாள். துறைமுக ரோட்டில் ஒரு மரக்கடையை விடவில்லை. தேக்கு என்றான் ஒருத்தன். பாதிக்கு மேல் வைரம் ஏறாத வெள்ளை. ஆப்பிரிக்கா மரம் என்றான் இன்னொருத்தன். முகர்ந்தேன், ஒன்பது தும்மல். கப்பலில் சாமான் கட்டி வந்த பைன் பலகையில் நகம் இறங்கியது.

கடைசியில் பழைய மரம் விற்கும் பிச்சையா அண்ணாச்சி கடை.

"சாயர்புரத்துல ஒரு பழைய பங்களா இடிச்சது, ரெக்ஸ் அண்ணாச்சி. இழைச்சு வச்சிருக்கேன்."

"ஆணி ஓட்டையா இருக்கே?"

"பங்களான்னா ஆணி இருக்காதா?"

தட்டினேன். கணீர் என்றது. முடிச்சு இல்லை, வெடிப்பு இல்லை. அத்தனையையும் லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

"ஏளா, வந்து பாரு! வள்ளம் இதுக்குக் கால் தூசி பெறுமா?"

அவள் பலகையை மெல்லத் தடவினாள். "நாக்கை வச்சுப் பாருங்க."

வைத்தேன். உப்பு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் மரத்தையெல்லாம் தட்டிப் பார்த்தவனுக்கு, இழைத்துவிட்டதும் சொந்த வள்ளம் அடையாளம் தெரியவில்லை. கால் தூசி என்று வேறு சொல்லிவிட்டேன். அழுகை வந்தது. அழுதேன்.

"எப்பளா?"

"ஆஸ்பத்திரியில உங்களை உள்ள தள்ளிட்டுப் போனாங்கல்லா, அன்னைக்கே பிச்சையா அண்ணாச்சிக்கு வித்துட்டேன். வள்ளம் கிடந்தா திரும்பவும் கடலுக்குப் போவிய. போனா, இந்தத் தடவை வரமாட்டிய." அவள் குரல் உடைந்தது. "கரைக்குப் போயி வெறும் மணலைப் பார்த்துறக் கூடாதேன்னுதான் மரக்கடைக்கு அலையவிட்டேன்."

எழுந்து அவளை அந்தப் பலகை மேல் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டேன். ஒரு கோபம் மட்டும் மிச்சம் இருந்தது.

"அந்தப் பிச்சையா என்னமா புளுகுதான்! சாயர்புரம் பங்களாவாம்!"

"அவரைத் திட்டாதிய. பாவம், அவருக்குப் பொய்யே வரல. நான்தான் நாலு தரம் சொல்லிக் குடுத்தேன்."