எனக்குப் பதிலாக நீ வந்து படுக்கவும்

என் அருமை மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் நலம், என்னைத் தவிர. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. கல்யாணத்தன்றே உன்னைத் தட்டி எழுப்பித்தான் மாப்பிள்ளையாக்கினோம், உனக்கென்ன குறை! போன் அடித்தாலும் நீ எழுந்திருப்பதில்லை என்பதால் கடிதம். கண்டவுடன் புறப்பட்டு வா. வந்து எனக்குப் பதிலாகப் படுக்க வேண்டும்.

மூளைக்குள் எந்த இடம் எந்த இடத்தோடு பேசுகிறது என்று ஊர் ஊராக ஆய்வகங்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் படம் பிடிக்கிறார்கள் அல்லவா, அத்தனையையும் ஒன்றாகச் சேர்க்கும் அலுவலகத்தில்தான் உன் மருமகளுக்கு, அதான் என் பெண்ணுக்கு, வேலை. இயந்திரம் வாங்க நிதியை அள்ளிக் கொடுத்தவர்கள், பிடித்த படங்களைச் சேர்க்கக் கேட்டால் மூக்கால் அழுகிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இயந்திரம் வேறு, படங்கள் ஒத்துப்போகும் என்று முதலில் நிரூபியுங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்துக்குப் பூட்டுதான் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு வழி, ஒரே ஆளை எல்லா இயந்திரத்திலும் படுக்கவைத்துப் பார்ப்பது. அந்த ஆளுக்கு வேறு வேலைவெட்டி இருக்கக் கூடாது. உன் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சும்மா படுத்திருங்க, எதையும் யோசிக்காதீங்க" என்றார்கள். நீயே சொல்லு, யோசிக்காதே என்றால் என்னால் முடிகிற காரியமா? முதல் ஆய்வகத்தில், வாசற்கதவைப் பூட்டினேனா என்று ஆரம்பித்து, திருடன் எந்த அறைக்கு முதலில் போவான் என்பதுவரை போய்விட்டேன். இரண்டாவதில் கதவு ஞாபகமே இல்லை, குளியலறைக் குழாய் சொட்டுவது காதிலேயே கேட்டது. மூன்றாவதில்தான் மானம் போயிற்று. காலமெல்லாம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவனை இயந்திரத்தின் குழாய்க்குள் தள்ளி, டக் டக் என்று இடித்தால்? பேரிங் போச்சு என்று, கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அமுக்கி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். "ஐயா, இது அப்படித்தான் சத்தம் போடும், பேசாம படுங்க!" என்று ஓடி வந்தது அங்கே படம் பிடிக்கும் பெண். "எதுக்கும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பாரும்மா" என்றேன். மறுபடி முதலிலிருந்து படம்.

மூன்று இடத்தில் மூன்று கவலை. படமும் மூன்று விதமாகத்தானே வந்திருக்கும்? நேற்று உன் மருமகள் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா. நாளைக்கு ரிசல்ட்" என்றாள். பெற்ற பெண் பிழைப்பில் நானே மண்ணள்ளிப் போட்டுவிட்டேனே மச்சான்! உனக்கு மண்டைக்குள் ஒரு சலனமும் கிடையாது. எங்கே படுக்கவைத்தாலும் ஒரே மாதிரி தூங்குவாய். என் படங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு உன்னை வைத்துத் தொடங்கட்டும்.

பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கச்சிக்கு என் அன்பு. உன்னை எழுப்பும் பொறுப்பும் அவளுக்கே.

இப்படிக்கு,
தூக்கம் தொலைத்த உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், அவள் ஓடி வந்தாள். மூன்று படமும் அச்சு அசலாக ஒரே மாதிரியாம்! "நீங்க எதை நெனச்சுக் கவலைப்பட்டா என்னப்பா, கவலைப்படுற விதம் மாறவே இல்ல!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அலுவலகம் பிழைத்தது. மீதி ஆய்வகங்களுக்கும் நானேதான். நீ வர வேண்டாம், தூங்கு. ஆனால் அடுத்த வாரம் நாலாவது ஆய்வகம். மனசு லேசாகிக் கிடக்கிறது, இப்படியே போய்ப் படுத்தால் படம் மாறித் தொலைக்கும். உன் பக்கம் ஏதாவது கெட்ட செய்தி இருந்தால் உடனே எழுதிப் போடு.