மொழிக் கண்காணிப்பாளரின் வயிற்றுவலி

நாட்டின் ஒற்றுமை நாக்கு நுனியில்தான் இருக்கிறது என்ற மாபெரும் உண்மையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் மொழிக் கண்காணிப்பாளர். அரசுக் கட்டடங்களுக்குள் ஆட்சிமொழி தவிர வேறு பேச்சு காதில் விழுந்தால் அபராதம். மாடிப்படியில் வழுக்கி விழுந்த தபால்காரர் தன் தாய்மொழியில் 'ஐயோ' என்றதற்கும் தண்டம் போட்டார். தும்மலுக்கு மட்டும் "தற்காலிக விலக்கு". அது எந்த மொழி என்று வல்லுநர் குழு இன்னும் ஆராய்ந்துகொண்டிருந்தது.

அவர் பிறந்ததென்னவோ மலைமொழிக்காரர் வீட்டில்தான். வேலை கிடைத்த அன்றே அந்த மொழியைத் தலைமுழுகிவிட்டார். மலைமொழி மட்டுமே சரளமாக வரும் மனைவிக்கும் வீட்டில் அதே சட்டம். அதனால் வீட்டில் "பூரண அமைதி" நிலவியது.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒருநாள் அலுவலகத்தில் வயிற்றுவலி வந்தது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"என்ன செய்யுது?" என்றார் டாக்டர்.

"வயிற்றுப் பகுதியில் குறிப்பிடத்தக்க அசௌகரியம் நிலவி வருகிறது."

ஆட்சிமொழியில் அவருக்கு அறிக்கை விடத்தான் தெரியும், அழத் தெரியாது. அசௌகரியத்துக்கு ஒரு வாயு மாத்திரையை எழுதிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வலி உயிரை எடுத்தது. கண்காணிப்பாளர் சுருண்டுகொண்டு, தலைமுழுகிய அதே மலைமொழியில், "அம்மா, குடலைப் புடுங்குதே! செத்தேனே!" என்று கதறினார்.

பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸும் மலைக்காரிதான். சட்டமும் தெரியும், சுவருக்குக் காது இருப்பதும் தெரியும். இருந்தும் குனிந்து, மலைமொழியிலேயே, "பயப்படாதீங்கண்ணே. எங்க வலிக்குது, சொல்லுங்க," என்றாள்.

அந்த 'அண்ணே'யில் மனுஷன் உடைந்துபோனார். தொப்புளில் பிடித்த வலி வலப்பக்கம் இறங்கிய கதையை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அவள் ஓடிப்போய் டாக்டரிடம் சொல்ல, குடல்வால் வெடிப்பதற்குள் அறுவை சிகிச்சை முடிந்தது.

கண் விழித்தபோது, மனைவி நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு மலைமொழியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து எத்தனை வருஷமாயிற்று! அவருக்கு மனம் குளிர்ந்தது. ஆனால், கடமை என்று ஒன்று இருக்கிறதே? தையல் பிரிப்பதற்குள் நர்ஸ் மீது புகார் பறந்தது.

மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"மலைமொழியில பேசினாங்க, சரி. அதையும் தப்பாப் பேசினாங்கன்னு இன்னொரு குற்றம் சேத்திருக்கீங்களே?"

"ஆமா சார். இழுத்து இழுத்துப் பேசறாங்க. எங்க பக்கம் யாரும் அப்படிப்..."

கண்காணிப்பாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேலதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து, தேன் சொட்டும் மலைமொழியில், "அட, நம்மாளா நீ? உக்காருய்யா!" என்றார்.

இருவரும் மனம்விட்டு ஊர்க்கதை பேசினார்கள். கண் கலங்கினார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து, பிழையற்ற ஆட்சிமொழியில் நர்ஸை வேலையை விட்டு நீக்கினார்கள்.