"ஒண்டுமில்ல" என்று கூவிய வெள்ளிக் கிளாக்கர்

யுத்த காலத்தில் கரண்ட் போனதற்காகச் சந்தோஷப்பட்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் வெள்ளிக் கிளாக்கர். இருட்டினால்தான் வானத்து வெள்ளிகள், அந்த நட்சத்திரங்கள், நன்றாகத் தெரியுமாம்.

வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்று, பழுகாமத்தில் எங்கள் சின்னத் தெருவுக்கு, ஒழுங்கைக்கு, அவர் கொண்டுவந்த ஒரே சொத்து, கடதாசி சுற்றும் பெரிய மட்டைக்குழாய். அதில் கண்ணாடி பொருத்தித் தொலைநோக்கி செய்திருந்தார். அதைத் தோளில் வைத்து அவர் நடந்தால், ரொக்கட் லோஞ்சர் என்று பயந்து வீட்டுக் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ளும். ஒருமுறை தேடுதலுக்கு வந்த ஆமிக்காரர் அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். போகும்போது வரிசையில் நின்று நிலா பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர் காத்திருந்தது ஒரேயொரு வெள்ளிக்காக. கண்ணுக்கே தெரியாத மங்கல் வெள்ளி. பல வருடங்களுக்கு ஒருமுறை திடீரென்று பொங்கிப் பிரகாசித்து, பிறகு அடங்கிவிடும். அடுத்த பொங்கலைத் தவறவிடக் கூடாதென்று விடியுமுன் வாவிக்கரைக்குப் போவார். பொங்காவிட்டாலும் "பார்த்தேன், இல்லை" என்று அறிவிக்க வேண்டும் என்பது வெள்ளி பார்ப்பவர்களின் சட்டமாம். அறிவிக்க வேறு ஆளில்லாததால், திரும்பும்போது எங்கள் ஒழுங்கைக்கே அறிவிப்பார்.

"ஒண்டுமில்ல... இண்டைக்கும் ஒண்டுமில்ல..."

அவர் பத்திரமாகத் திரும்பினால் ரோட்டில் ஆமி இல்லை என்று அர்த்தம். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் நாங்கள் அடுப்பு மூட்டுவோம்.

ஒருநாள் குரல் வரவில்லை. ஒழுங்கை முழுவதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடியது. பக்கத்து வீட்டுப் பூரணமக்கா அடைக்கோழியைக் கூடையோடு தூக்கிவந்திருந்தார். அங்கே பதறாதது அந்தக் கோழி மட்டும்தான்.

"கிளாக்கரப் புடிச்சிட்டானுகளோ கா?" என்றார் பூரணமக்கா.

இடுப்பிலிருந்த என் மகனை அவரிடம் கொடுத்துவிட்டு வாவிக்கரைக்குப் போனேன். கிளாக்கர் தொலைநோக்கியடியில் நின்று அழுதபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன கிளாக்கர் இது? ஊரே உயிரக் கையில புடிச்சிக்கொண்டு கோயிலுக்க கிடக்கு."

"தங்கச்சி, பொங்கிட்டுது. நான் ஒராள் சொன்னா ஆர் நம்புவான்? இன்னொரு ஆளும் காணவேணும். விடியப்போகுது, கெதியாப் பாருங்க."

"எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது."

"கண் இருக்குத்தானே?"

பார்த்தேன். சிவந்த பொட்டு ஒன்று, சும்மா நின்றது. "ஓம், இருக்கு" என்றேன். பள்ளிக்கூடத்தில் முதற்பரிசு வாங்கிய பையனைப்போல அந்த மனிதர் துள்ளினார்.

செய்தி கேட்டு ஒழுங்கையே திட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றது. "இதுக்காகா என்ட கோழிய எழுப்பின?" என்றார் பூரணமக்கா, இரண்டாம் முறை பார்க்க வரிசையில் நின்றபடி.

கிளாக்கர் இப்போது இல்லை. மகன் கொழும்பில் வேலை செய்கிறான். அவன் போன் எடுக்காத இரவுகளில் எனக்குத் தூக்கம் வராது. விடியுமுன் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பேன். பிறகு, ஒழுங்கைக்குக் கேட்கும்படி, "இண்டைக்கும் ஒண்டுமில்ல" என்பேன். அதைச் சொன்ன பிறகுதான் அடுப்பு மூட்ட மனம் வரும்.