கடுகுக்கு அடியில் ஒரு வரிசை

இந்த வருஷம் எவனுக்கும் பயப்படுவதில்லை என்று வெஸ்ஸல் தீர்மானித்தான். தோட்டச் சங்கத்தை மனதில் வைத்துத்தான் அப்படித் தீர்மானித்தான். வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே என்பது அப்போது அவன் நினைவுக்கு வரவில்லை.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் சங்கத்தின் தோட்டங்கள். ஆளுக்கொரு துண்டு நிலம், ஆளுக்கொரு மரக்கொட்டகை. அங்கே எதை வேண்டுமானாலும் நடலாம், உருளைக்கிழங்கைத் தவிர. ஒரே மண்ணில் வருஷா வருஷம் நட்டால் வேர்ப்புழு குடியேறிவிடும் என்று, தோட்டங்களுக்கு நடுவே ஓடும் சந்து ஒவ்வொன்றுக்கும் முறை வைத்திருந்தார்கள். ஒரு வருஷம் நட்டால் இரண்டு வருஷம் ஓய்வு. வெஸ்ஸலின் சந்துக்கு இது இரண்டாவது ஓய்வு வருஷம்.

தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் வெஸ்ஸல். மற்ற விஷயங்களில் தனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனம் இல்லை என்பது அவனுக்கே தெரியும். கணக்கு, சாமான் வாங்குவது, மகனுக்குப் புத்தி சொல்வது எல்லாம் மனைவி ஃபென்னாவின் பொறுப்பு. அவனுக்கென்று இருந்தது உருளைக்கிழங்கு ஒன்றுதான். "கண்ணைக் கட்டி விடுங்க. நூறு கிழங்குல என் கிழங்கை நாக்குல வெச்சுச் சொல்லிடுவேன்" என்று எல்லா விருந்திலும் சொல்வான். யாரும் கண்ணைக் கட்டி விட்டதில்லை.

ஏப்ரலில், தோட்டத்தின் பின்கோடியில், பீன்ஸ் பந்தல் மறைக்கும் இடத்தில் ஒரே ஒரு வரிசை நட்டான். முன்பக்கம் ஃபென்னாவின் பூச்செடிகள். பின்பக்கம் அவள் வருவதில்லை.

மே மாதம் சங்கக் கூட்டம். தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து விதி மீறியவர்களுக்கு எச்சரிக்கை எழுதும் வேலைக்கு ஆள் வேண்டும். யாருக்கும் அந்த வேலை பிடிக்காது. பக்கத்துத் தோட்டத்துக் கோபுஸ் எழுந்து ஃபென்னாவின் பெயரைச் சொன்னான். முதலில் கை தூக்கியவன் வெஸ்ஸல்தான். புருஷன் தூக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போய் யார் பதில் சொல்வது?

கூட்டம் முடிந்து இருவரும் சைக்கிளில் திரும்பினார்கள்.

"ஒண்ணு சொல்லிடறேன், வெஸ்ஸல். பார்க்கப் போற இடத்துல யாரோட தோட்டம்னு பார்க்க மாட்டேன்."

"யாரு பார்க்கச் சொன்னா?"

"சும்மா சொல்லி வெக்கறேன். போன வருஷம் வேலி உயரமா வளர்ந்ததுன்னு நமக்கு ஏற்கனவே ஒரு எச்சரிக்கை இருக்கு. இன்னொண்ணு வந்தா நிலத்தை எடுத்துப்பாங்க."

எதிர்காற்று பலமாக இருந்தது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது என்று வெஸ்ஸல் சொல்லிக்கொண்டான்.

கோடை முழுவதும் அவனுக்கு நிம்மதி இல்லை. செடி பூத்தால் வெள்ளையாகத் தெரியுமே என்று பூ ஒவ்வொன்றையும் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"யோவ் வெஸ்ஸல்!" என்றான் கோபுஸ், வேலிக்கு மேல் தலையை நீட்டி. "பந்தலுக்குப் பின்னாடியே குடித்தனம் பண்றியே, என்ன சமாச்சாரம்?"

"முதுகுவலி. குனிஞ்சு நிமிரணும்னு டாக்டர் சொன்னார்."

"குனியறதுதான் தெரியுது. நிமிரவே காணோமே?"

ஆகஸ்ட் கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. தன்னை நினைத்துத் தானே வியந்துகொண்டான். கிழங்கு இருப்பது மண்ணுக்குள். காட்டிக்கொடுப்பது தழை. தழையை அறுத்துவிட்டால்? எப்படியும் அறுவடைக்கு முன் அறுத்துவிட்டு, தோல் முற்றச் சில வாரம் மண்ணிலேயே விடுவதுதான் வழக்கம். வரிசையை மொட்டையடித்தான். மேலே பசுந்தாள் உரத்துக்கென்று கடுகு தூவினான். இனி யார் பார்த்தாலும் அது ஓய்வெடுக்கும் மண். மறுநாள், பழைய தபால்காரர்கள் தீவுக்குப் போகும் இரண்டு நாள் உலாவுக்கு விசில் அடித்துக்கொண்டே கிளம்பினான்.

திரும்பி வந்த மாலை, சமையலறையில் ஒரு சாக்கு உருளைக்கிழங்கு இருந்தது. கிழங்கு சீவுவது அந்த வீட்டில் வெஸ்ஸலின் வேலை. ஒன்றைக் கையில் எடுத்ததுமே முகத்தைச் சுளித்தான்.

"இதை எங்க பிடிச்சே?"

"வழியிலதான் கிடைச்சுது. ஏன்?"

"தோலைப் பாரு. விரல் பட்டாலே உரியுது. முத்தறதுக்குள்ள தோண்டியிருக்கான். பொறுமை கெட்ட கழுதை!"

"அந்தக் கழுதைக்கு என்ன அவசரமோ, பாவம்."

சாப்பாட்டிலும் விடவில்லை. "சப்புன்னு இருக்கு. வெறும் தண்ணியைக் கடிக்கற மாதிரி. நம்ம கிழங்கு எப்படி இருக்கும்! வெந்தா மாவா உடையும்."

"உனக்குத்தான் தெரியும்" என்றாள் ஃபென்னா. இறைச்சி உருண்டைக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டு, இன்னும் மூன்று கிழங்கை அவன் தட்டில் வைத்தாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.

தினமும் இதே பேச்சு. தினமும் அவனே சீவினான், அவனே திட்டினான், அவனே தட்டை வழித்தான். மண்ணுக்குள் தன் கிழங்குகள் தோல் முற்றிக்கொண்டிருப்பதை நினைத்தால் அந்தச் சாப்பாடும் எப்படியோ இறங்கியது.

செப்டம்பர் நடுவில் ஃபென்னா சங்கத்து ஆட்கள் இருவரோடு தோட்டங்களைச் சுற்றிப் பார்க்க வந்தாள். தன் தோட்டத்திலும் நுழைந்தாள். பந்தலைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். வெஸ்ஸலுக்கு மரச்செருப்புக்குள் கால் வியர்த்தது.

"கடுகு ஒரே சீரா வந்திருக்கே" என்றார் வந்தவர்களில் ஒருவர். "யார் விதைச்சது?"

"நான்தான்" என்றான் வெஸ்ஸல்.

ஃபென்னா கடுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "நல்ல கை" என்றாள்.

அன்று அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஏனோ முடியவில்லை. பாராட்டிவிட்டுப் போகிறவளின் முதுகைப் பார்த்தபோது, ஏமாந்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல் இருந்தது. அவள் ஏமாந்து அவன் பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் அவள் கூட்டத்துக்குப் போன மத்தியானம், வெஸ்ஸல் முள்மண்வெட்டியோடு தோட்டத்துக்கு ஓடினான். கடுகை வாரிப் போட்டுவிட்டு முதல் குத்து குத்தினான். மண் வந்தது. இரண்டாவது குத்திலும் மண்தான். வரிசையின் கடைசிவரை மண்தான். பிறகு முழங்காலிட்டுக் கையாலேயே கிளறினான். சுண்டைக்காய் அளவில் ஒன்று கிடைத்தது.

"என்னய்யா தேடறே?" கோபுஸின் தலை.

"மண்ணுக்குக் காத்தோட்டம் குடுக்கறேன்."

"அழறியா?"

"காத்து பலமா அடிக்குது."

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தான். கோபுஸ் திருடியிருப்பானா? வயல் எலியா? யாரிடம் கேட்பது? திருட்டு வரிசை திருட்டுப் போனது என்று எந்த வாயால் சொல்வது? தம்பி செத்தபோதும், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோதும், மகன் கனடாவுக்குப் போனபோதும் வீட்டுக்கு வந்து ஃபென்னாவிடம்தான் முதலில் சொன்னான். சொன்னதும் பாதி குறைந்துவிடும். இதை மட்டும் அவளிடம் சொல்ல முடியாது. முழுவதையும் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு சைக்கிள் மிதித்தான்.

வீட்டில் சாப்பாடு தயாராக இருந்தது. கிழங்கை இன்று அவளே சீவியிருந்தாள்.

"கை என்ன இப்படி மண்ணா இருக்கு?"

"கடுகைப் புரட்டிப் போட்டேன்."

"அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கலாம். எவ்வளவு கஷ்டப்பட்டு விதைச்சேன்!"

"நான் விதைச்சது, ஃபென்னா."

"நீயும் விதைச்சே. அப்புறம் நானும் விதைச்சேன். தோண்டினா திரும்ப மூட வேணாமா?"

வெஸ்ஸல் முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"எப்போ... எப்போ தெரியும்?"

"ஏப்ரல்லயே. ஓய்வு வருஷம்னா தினமும் புலம்புவே. இந்தத் தடவை ஒரு முணுமுணுப்பு இல்லை. தோய்க்கப் போட்ட சட்டைப் பையெல்லாம் உருளைக்கிழங்குப் பூ."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொன்னா எச்சரிக்கை எழுதணும். எழுதினா நிலம் போகும். நிலம் போனா உன்னை நாள் முழுக்க நான் வீட்டுல வெச்சுப் பார்க்கணும். அதான் சுத்திப் பார்க்க வர்றதுக்குள்ள, நீ தீவுக்குப் போனதும் தோண்டிட்டேன். அந்தப் பொறுமை கெட்ட கழுதை நான்தான்."

அவன் தட்டைக் குனிந்து பார்த்தான். வெந்த கிழங்கு ஓரத்தில் மாவாக உடைந்திருந்தது. இத்தனை நாளாக உடைந்துதான் இருந்திருக்கிறது. ஒரு துண்டை வாயில் வைத்தான். நன்றாக இருந்தது. அதைச் சொல்லும் உரிமையைத்தான் காணோம்.

"நல்லா சாப்பிடு. இன்னிக்கோட தீர்ந்துச்சு."

"போகட்டும்" என்றான். "அடுத்த வருஷம் நம்ம சந்து முறை. நாலு வரிசை போட்டுடலாம்."

"சந்துல எல்லாரும் போடுவாங்க. நம்ம மண்ணு இந்த வருஷமே கிழங்கைச் சுமந்துடுச்சு. இனிமே ரெண்டு வருஷம் ஓய்வு. நமக்கு பீன்ஸ்."

"ஃபென்னா! சந்து முழுக்க உருளைக்கிழங்கு நடும்போது நான் மட்டும் பீன்ஸ் நட்டா, கோபுஸ் ஏன்னு கேப்பானே! என்ன சொல்றது?"

கடைசிக் கிழங்கை எடுத்து அவன் தட்டில் வைத்தாள் ஃபென்னா.

"உருளைக்கிழங்கு பிடிக்கறதில்லைன்னு சொல்லு. இத்தனை வாரமா என்கிட்ட அதைத்தானே சொன்னே?"