யாரும் வேலைக்குப் போகாத திங்கட்கிழமை

"நாளைக்கு நீ வேலைக்குப் போகமாட்டதானே?" என்று செல்லக்கண்ணு கேட்டதுதான் தாமதம், முத்துசாமி கோயில் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிவிட்டார்.

"காளியாத்தா மேல சத்தியம்!"

ஊரெங்கும் வேலைநிறுத்தம் நடந்த ஐம்பத்தைந்தாம் வருஷம். சிராங்கூன் ரோட்டு எண்ணெய் ஆலையில் தங்கராஜுவின் இரண்டு விரல்களை எந்திரம் தின்றுவிட்டது. அன்றைக்கே அவன் வேலையை முதலாளி தின்றுவிட்டார். வீட்டில் பச்சைப் பிள்ளைகள். அவனைத் திரும்ப எடுக்கும்வரை திங்கட்கிழமை முதல் யாரும் ஆலைக்குள் காலடி வைப்பதில்லை என்று தொழிலாளிகள் முடிவு செய்திருந்தார்கள். எல்லாரும் நின்றால் முதலாளி வழிக்கு வருவார். சிலர் மட்டும் நின்றால், நின்றவனுக்குச் சீட்டுக் கிழியும்.

ஆனால் சத்தியம் இவ்வளவு வேகமாகவா வரும்? செல்லக்கண்ணு யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் மனைவி பூவம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க ஏன் போய்க் கேட்டீங்க? 'இவன் போகப்போறான், அதான் நோட்டம் பார்க்கிறான்'னு அவரு நினைக்கமாட்டாரா?"

அட, ஆமாம்! திரும்ப ஓடினார்.

"முத்துசாமி, நான் உன்னைச் சந்தேகப்படல லா."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே?" முத்துசாமியின் முகம் சுருங்கிவிட்டது.

போச்சு! இதைச் சரிக்கட்ட வீடு வீடாகப் போய், "முத்துசாமி கட்டாயம் போகமாட்டான், யாரும் பயப்படாதீங்க" என்று சொல்லி வந்தார். அதுவரை யாருமே பயப்படவில்லை.

நான் போவேன் என்று அவர்கள் நினைப்பார்கள். நினைத்தால் அவர்களும் போவார்கள். அவர்கள் போனால் நான் மட்டும் தெருவில் நிற்பேன். இப்படி யோசித்து யோசித்து, பாவி மனுஷன், காலையில் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஆலையின் பின்வாசலுக்குப் போனார்.

அங்கே இன்னொரு துண்டு நின்றது. விலக்கிப் பார்த்தால் முத்துசாமி.

"நீ வருவேன்னு தெரியும். அதான் வந்தேன்."

பின்னாலேயே மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெட்கக்கேடு.

உள்ளே எந்திரத்தின் பக்கத்தில், கையில் கட்டோடு தங்கராஜு நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே! நீங்க யாரும் வரமாட்டீங்கன்னு பயந்து, முதலாளி விடிஞ்சதும் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டாரு. வேலை திரும்பக் கிடைச்சிடுச்சு, எல்லாம் உங்களாலதான்! ஆமா... நீங்கல்லாம் எங்க இங்க?"

செல்லக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கங்காணி வந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சா? அப்ப தங்கராஜு, நீ வீட்டுக்குப் போலாம் லா."