பலமா, லேசா: பெருமாட்டித் தீர்மானம்

உலக மருத்துவ வரலாற்றில் பெருமாட்டி கிராமத்துக்கு உரிய நாற்காலியை இன்னும் யாரும் எடுத்துப் போடவில்லை. ஆராய்ச்சிக்கூடங்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியைத் தங்கதுரை வீட்டு முன்னறையில் சொந்தபந்தங்கள் டீயும் முறுக்குமாக அலசித் தள்ளினார்கள். தீவிர ரத்தப் புற்றுநோய்க்குப் பலமான கீமோ நல்லதா, லேசான கீமோ நல்லதா? அடேயப்பா, என்ன ஒரு பொதுநலம்.

நோய் தங்கதுரையின் மனைவி சிவசங்கரிக்கு. அது அவளுக்குத் தெரியக்கூடாது என்பது கூட்டத்தின் முதல் தீர்மானம். 'ரத்தம் கொஞ்சம் கம்மி' என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்கள். முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவே இருந்தது ஒரு துணித்திரைதான். முதல் டீயை ஆற்றும்போதே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

கோயமுத்தூர் டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். பலமானது ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஏற்றுவது. ஆளைப் படுத்தி எடுக்கும், ஆனால் தாங்கினால் குணமாக வாய்ப்பு அதிகம். லேசானது, தாங்காத உடம்புக்கு. இந்த அம்மா தாங்குவார், இந்த வாரமே ஆரம்பியுங்கள்.

இப்படி எல்லாவற்றையும் டாக்டரே சொல்லிவிட்டால் கமிட்டி எதற்கு?

தலைமை, தங்கதுரையின் அண்ணன் சின்னமுத்து. பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பாலில் கொழுப்பை அளந்தவருக்கு ரத்தத்தில் அணுவை அளப்பது பெரிய காரியமா?

"பலமானது போட்டா முடி கொட்டிப்போயிருமுங்க. தையில பையன் ஜெகனுக்குக் கல்யாணம். மொட்டைத் தலையோட மணவறையில நின்னா சம்பந்தி ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?" என்றார்.

"லேசானது போட்டாங்கண்ணா?" என்றார் தங்கதுரை.

"முடி நிக்கும்."

'ஒப்பீட்டு ஆய்வு' அத்தோடு நிறைவு பெற்றது.

டம்ளர்களை வைத்துவிட்டு சிவசங்கரி அங்கேயே நின்றாள். "எனக்குப் பலமானதே போட்றலாமுங்க மாமா. தாங்கிக்குவேனுங்க."

"இது பெரியவங்க பேசற விசயம் அம்முணி. நீ அடுத்த டீக்குச் சக்கரையக் கொஞ்சம் கொறச்சுப் போடு."

சாக அவளுக்கு இஷ்டமில்லை. மகன் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும், மொட்டைத் தலையோடு பார்த்தாலும் சரி.

சிகிச்சைக்குத் தேதி குறிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. "ஆடியில நாம புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கறதில்லீங்க. ஆவணி பொறக்கட்டும்" என்றார் சின்னமுத்து. ஏகமனதாக நிறைவேறியது. தீர்மானத்தின் நகல் ஒன்றை நோய்க்கும் அனுப்பியிருக்கலாம். அதை மட்டும் மறந்துவிட்டார்கள்.

ஆவணி பிறந்ததும் நல்ல நேரம் பார்த்துக் காரில் கிளம்பினார்கள். டாக்டர் சிவசங்கரியைப் பரிசோதித்துவிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்.

"நுரையீரல் வரைக்கும் கிருமி போயிருக்கு. பலமானதை இனி இந்த உடம்பு தாங்காது. லேசானதுதான். அதுவும் காய்ச்சல் அடங்கினாத்தான்."

சின்னமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா தங்கதுரை? கமிட்டி அன்னிக்கே என்ன சொல்லுச்சு?"

டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "காய்ச்சல் எப்போம்மா வந்தது?"

"ஆடியிலயேங்க."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"என்னைய எப்படிக் காப்பாத்தறதுன்னு முன்னறையில பேசிட்டு இருந்தாங்க டாக்டர். நடுவுல போயி காச்சலடிக்குதுன்னு எப்படிங்க சொல்றது? டீய வெச்சுட்டு வந்துட்டேனுங்க."